வி.பி.எஸ்.ஸில் வேதாகம கார்ட்டூன்: எவ்வளவு நேரம், எந்தக் கதை, சத்தம் ஏன் சரியா வரமாட்டேங்குது?

திருவட்டார்_டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மே மாசம் சபையில 10 நாள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி). காலை 9.30 முதல் 12.30 வரை. 4 வயசுல இருந்து 13 வயசு வரை 65 பிள்ளைகள், ஆசிரியர்கள் 6 பேர். இந்த வருஷம் தினமும் ஒரு அனிமேஷன் வேதாகமக் கதை போடணும்னு இளைஞர்கள் நிக்காங்க. கமிட்டியில மூத்தவங்க, "படம் காட்டவா பிள்ளைகளைக் கூப்பிடுதோம், வீட்டுல போன்ல பாக்கது போதாதா"ன்னு கேக்காங்க. ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்கு.

கையில இருக்கிறது தமிழ் டப்பிங் படங்கள், ஒவ்வொண்ணும் 25 நிமிஷம் வரும். 3000 லூமன் புரொஜெக்டர் ஒண்ணு இரவல் கிடைக்கும். ஹால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ரெண்டு பக்கமும் ஜன்னல். சபை மைக்செட்டுல சேர்த்து ஒரு தடவை போட்டுப் பாத்தாச்சு. பின்னணி இசையும் இடியும் நல்லா கேக்குது, ஆள் பேசுறது மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. வால்யூம் கூட்டினா இடிதான் கூடுது.

எவ்வளவு நேரம் போடலாம், எந்தக் கதை எந்த வயசுக்கு, படம் முடிஞ்ச பிறகு என்ன செய்யணும், இந்தச் சத்தத்துக்கு என்ன வழி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஓய்வுநாள்_அக்கா:

டீச்சர், தினமும் வேண்டாம். 10 நாள்ல 4 நாள் போதும். தினமும் போட்டா மூணாவது நாள் பிள்ளைகள் வாசல்லயே "இன்னைக்கு என்ன படம்"னு கேக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் பாட்டு, மனப்பாட வசனம், கைவேலை எல்லாம் படத்துக்கு முன்னால ஓடுற விளம்பரம் மாதிரி ஆயிரும். அதே காரணத்தால படத்தைக் கடைசியில, பிஸ்கட்டும் ஜூஸும் குடுத்த பிறகு பரிசு மாதிரி போடவும் கூடாது. 10 மணிக்கே போட்டு முடிச்சிரணும்.

25 நிமிஷத்தை முழுசா ஓட்டாதீங்க. 4, 5 வயசுக்கு 5 நிமிஷம், 6 முதல் 9 வயசுக்கு 10 நிமிஷம், அதுக்கு மேல உள்ளவங்களுக்கு 15. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, 5 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு ஒரு நாள் முழுசுக்குமே திரை நேரம் ஒரு மணிக்கு மேல போகக் கூடாதுன்னு. அதுல பாதியை வீட்டுலயே பாத்துட்டுத்தான் நம்மகிட்ட வருது. அதனால சின்னவங்களைத் தனி அறையில வச்சு, ஒரே ஒரு காட்சி லேப்டாப்புலயே காட்டுனா போதும். பெரிய திரை, இருட்டு, இடி முழக்கம் எல்லாம் 4 வயசுக்குப் பயம். ஒண்ணு அழுதா ஒம்பது அழும்.

எங்கே நிறுத்தணும்ங்கறதுதான் இதுல பெரிய வேலை. முந்தின நாளே படத்தைப் பாத்து, மூணு இடத்தை நிமிஷம், நொடியோட தாள்ல குறிச்சு வையுங்க. ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையை எடுத்துக்கிடுவோம்.

அவ்வளவு கூட்டத்துக்கும் அப்பம் வாங்க என்ன ஆகும்னு சீஷர் பிலிப்பு கணக்குப் போடுற இடத்துல முதல் நிறுத்தம். இருநூறு பணத்து அப்பமும் போதாதுன்னு யோவான் 6:7ல இருக்கு. அந்தக் காலத்துல ஒரு பணம்னா ஒரு நாள் கூலி, மத்தேயு 20:2ல திராட்சத்தோட்டக்காரன் பேசுற கூலி அதுதான். "உங்க வீட்டுல ரப்பர் வெட்டவோ கொத்தனார் வேலைக்கோ போறவங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?"ன்னு பிள்ளைகள்கிட்டயே கேட்டு, 200ஆல பெருக்கச் சொல்லுங்க. கரும்பலகையில அந்தத் தொகை வந்து நிக்கும்போது ஹால் அமைதியாகும். அந்த மலைப்புதான் பிலிப்புக்கும் வந்தது.

ரெண்டாவது, பையன் கூடையை நீட்டுற இடம். என்ன அப்பம், என்ன மீன்? யோவான் வாற்கோதுமை அப்பம்னு சொல்லுதார், அது ஏழைகள் சாப்பாடு. மீனும் சின்ன மீன். நம்ம ஊர்ல சாளைன்னு வச்சுக்கிடலாம். கார்ட்டூன்ல பையன் கையில ஆளுயர மீனைக் குடுத்திருப்பான், அதைப் பாத்து ஏமாறாதீங்க.

மூணாவது, அற்புதம் நடக்கறதுக்கு ஒரு நொடி முன்னால. "இப்ப என்ன நடக்கும்?"னு கேக்காதீங்க, எல்லாருக்கும் தெரியும். "சாப்பாடு குடுக்கறதுக்கு முன்னால இயேசு என்னென்ன செய்தார்?"னு கேளுங்க. பசும்புல்லுல உக்கார வச்சார், மாற்கு 6:40ல நூறு நூறு பேரா, ஐம்பது ஐம்பது பேரா உக்காந்தாங்கன்னு இருக்கு. ஸ்தோத்திரம் பண்ணினார். பிறகுதான் பிட்டார். பிள்ளைகளையும் பத்துப் பத்துப் பேரா உக்கார வச்சிட்டு மிச்சத்தை ஓட்டுங்க.

படம் முடிஞ்சதும் உடனே விளக்கம் வேண்டாம். அதே கதையை 6 சின்னப் படமா ஃபோட்டோ காப்பி எடுத்து, கலைச்சுக் குடுத்து, வரிசையா அடுக்கிக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. எந்தப் படத்துல தடுமாறுதோ அந்த இடம் மனசுல ஏறலன்னு அர்த்தம். 12 கூடை மிச்சம் எடுத்த படம் பாதிப் பேருக்கு விட்டுப்போகும். நாலு சுவிசேஷத்துலயும் இருக்கிற அற்புதம், மிச்சம் எடுத்ததை நாலு பேருமே எழுதியிருக்காங்க.


மைக்செட்_குலசேகரம்:

சத்தப் பிரச்சினைக்கு வர்றேன். டீச்சர் சொன்ன அடையாளம் போதும், படத்துல தப்பு இல்ல. வயர்லதான்.

லேப்டாப் இயர்போன் ஓட்டையில இருந்து இடது, வலதுன்னு ரெண்டு சிக்னல் வருது. அதை ஒரே கால் இஞ்ச் ஸ்டீரியோ பின்னா மாத்தி மிக்சர் சேனல்ல குத்தியிருப்பீங்க. அந்த ஓட்டை மைக்குக்கு உண்டானது, பேலன்ஸ்டு லைன். அது என்ன செய்யும்னா, பின்னோட நுனியில வர்றதுல இருந்து நடுவளையத்துல வர்றதைக் கழிச்சிரும். மைக் வயர்ல இரைச்சல் போறதுக்காக அப்படி வச்சிருக்கான். ஆனா சினிமாவுல ஆள் பேசுறது ரெண்டு பக்கமும் ஒரே அளவுல பதிவாகி இருக்கும். ஒண்ணுல இருந்து ஒண்ணு கழிச்சா பூஜ்யம். இசையும் இடியும் ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி இருக்கறதால தப்பிச்சுக்கிடும். அதாக்கும் கிணத்துச் சத்தம்.

சோதிக்க, பின்னை அரை இஞ்ச் வெளிய இழுத்துப் பாருங்க. பேச்சு பளிச்சுன்னு வந்தா நான் சொன்னதுதான். ஆனா அப்படியே விட்டுட்டு ஓட்டாதீங்க, ஆள் நடந்தா கர்புர்னு இரையும். வயர் மாத்தணும்: ஒரு முனை 3.5 எம்.எம். ஸ்டீரியோ, மறுமுனை ரெண்டு தனித்தனி கால் இஞ்ச் மோனோ பின். ரெண்டு சேனல்ல குத்துங்க. மிக்சர்ல சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. ஓட்டை இருந்தா அதுக்கேத்த வயர் இன்னும் நல்லது. மார்த்தாண்டம், நாகர்கோவில் மைக்செட் கடை எதுல கேட்டாலும் தருவாங்க. சொல்லும்போது "மோனோ பின் ரெண்டு"ன்னு அழுத்திச் சொல்லுங்க, இல்லன்னா பழையபடி ஸ்டீரியோ பின்னே தந்துருவாங்க.

வயர் மாத்தியும் பேச்சு கம்மின்னா இயர்போன் போட்டு லேப்டாப்புல நேரா கேளுங்க. அதுலயும் கம்மியா இருந்தா ஃபைல் 5.1 ஒலியில (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்ச ஒலி) இருக்கு. அதுல பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கருக்கு உண்டானது, ரெண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கும்போது அமுங்கிப் போகும். வி.எல்.சி. மாதிரி பிளேயர்ல ஆடியோ டிராக் மெனுவுக்குள்ள போய் ஸ்டீரியோ டிராக் இருந்தா அதைப் போடுங்க.

ஆஸ்பெஸ்டாஸ் ஹால் எதிரொலிக்கும். பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழ இறக்குங்க. ரெண்டு பாக்ஸ் போதும், திரைக்கு ரெண்டு பக்கமும், தரையில இருந்து 5 அடி உயரத்துல, பிள்ளைகளைப் பாத்துச் சாய்ச்சு. நாலு மூலையிலயும் கட்டாதீங்க, ஒரு சொல்லே நாலு தடவை வந்து விழும். வெளிய இருக்கிற கோளாம்பியை (கூம்பு ஸ்பீக்கரை) கழட்டி விட்ருங்க, அக்கம்பக்கத்துக்குக் கோலியாத் கூப்பாடு எதுக்கு.

படம்: 3000 லூமனுக்கு 7 அடி அகலம் போதும், அதுக்கு மேல பெருசாக்கினா வெளுத்துப் போகும். சாதாரண புரொஜெக்டருக்குத் திரை அகலத்தைப் போல ஒண்ணரை மடங்கு தூரம் வேணும், அதாவது 10, 11 அடி. மேசையில வச்சா முன்வரிசைத் தலை எல்லாம் திரையில தெரியும். பீரோ உயரத்துல வச்சுக் கட்டுங்க. திரையோட கீழ்விளிம்பு தரையில இருந்து 4 அடி. பாய்ல உக்கார்ற பின்வரிசைப் பிள்ளைக்குத் தெரியணும்னா அது வேணும். வெள்ளை வேட்டியை ஒத்தையா கட்டினா பாதி வெளிச்சம் பின்னால போயிரும். ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில அச்சடிக்காத வெள்ளை ஃபிளெக்ஸ் 8க்கு 5 வெட்டி வாங்குங்க, பளபளப்பு இல்லாத பக்கம் முன்னால வரணும்.

கிழக்கு ஜன்னலை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடுங்க. ரெண்டு பக்கமும் மூடினா மே மாசம் 65 பிள்ளைகளை ஆஸ்பெஸ்டாஸ் கீழ அவிச்ச மாதிரி ஆகும். பின்னால ஒரு டியூப் லைட் எரியட்டும், ஆசிரியர் கண்ணுக்குப் பிள்ளைகள் தெரியணும்.

கரண்ட் போனா: விளக்கு வச்ச புரொஜெக்டர் 250, 300 வாட் இழுக்கும். 850 வி.ஏ. இன்வெர்ட்டர் தாங்கும். இன்வெர்ட்டர் பின்னால யு.பி.எஸ். மோடுன்னு ஒரு சுவிட்ச் இருந்தா அதுல போட்ருங்க, இல்லன்னா மாறுற நேரத்துல புரொஜெக்டர் அணைஞ்சிரும். அணைஞ்சா உடனே போடாதீங்க, விளக்கு ஆற நாலஞ்சு நிமிஷம் விடணும். அந்த நேரத்துக்கு ஒரு பாட்டைத் தயாரா வச்சுக்கிடுங்க. மே மாச மழை ஆஸ்பெஸ்டாஸ்ல விழுந்தா எந்த ஆம்ப்ளிஃபயரும் ஜெயிக்காது, நிறுத்திரணும்.

லேப்டாப்பை புரொஜெக்டர் பக்கத்துலயே வையுங்க. மலிவான 10 மீட்டர் எச்.டி.எம்.ஐ. வயர் போட்டா படம் கண்ணடிக்கும். நீளமா இழுக்கணும்னா ஆடியோ வயரை இழுங்க, அது தாங்கும்.


வசனப்பெட்டி:

தொழில்நுட்பம் போதும், உள்ளடக்கத்துக்கு வருகிறேன். பெரும்பாலான படங்கள் கதையை மாற்றுகின்றன. சில மாற்றங்கள் தீங்கில்லாதவை, சில கதையின் உயிரையே எடுத்துவிடுகின்றன. முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

யோனா நல்ல உதாரணம். மீன் அவனைக் கரையில் கக்குவதும் நினிவே மனந்திரும்புவதும் வந்தவுடன் பல படங்கள் வாத்தியம் முழங்க முடிந்துவிடும். அது மூன்றாம் அதிகாரம். புத்தகத்தில் நான்கு அதிகாரம் உண்டு. நினிவே தப்பித்ததற்காக யோனா கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான், ஆமணக்குச் செடி ஒன்று முளைத்து நிழல் தருகிறது, பூச்சி அரிக்கிறது, செடிக்காக அவன் வருத்தப்படுகிறான். "ஒரு செடிக்காக நீ பரிதபிக்கிறாயே, வலதுகை இடதுகை தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான பேரும் அநேக மிருகங்களும் உள்ள நகரத்துக்காக நான் பரிதபியாமல் இருப்பேனா" என்ற பொருளில் வரும் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. பதில் கிடையாது. படம் இதை விட்டிருந்தால் அங்கே நிறுத்தி, கொல்லையிலிருந்து ஓர் ஆமணக்கு இலையைக் கொண்டுவந்து கையில் காட்டி நீங்களே சொல்லி முடியுங்கள். விரித்த உள்ளங்கை போன்ற அந்த இலையை நம் பிள்ளைகள் ரோட்டோரத்தில் தினமும் பார்க்கிறார்கள், கதையில் வருவது அதுதான் என்று தெரியாது. இன்னொன்று: யோனாவை விழுங்கியது "பெரிய மீன்". திமிங்கலம் என்று எபிரெய நூலில் இல்லை.

நோவா பேழை என்றால் குளியல்தொட்டி பொம்மை மாதிரி ஒரு படகும், மேலே தலைநீட்டும் ஒட்டகச்சிவிங்கியும். ஆதியாகமம் 6:15இல் அளவு இருக்கிறது: நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. ஒரு முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் 450 அடி நீளம், கால்பந்து மைதானத்தைவிடப் பெரிது. ஆலய வளாகத்தில் பிள்ளைகளை முழங்கையால் அளக்க விடுங்கள். 50 முழ அகலம் அளந்தாலே போதும், கார்ட்டூன் பேழை தானாகவே உடையும். சுத்தமான மிருகங்கள் ஏழேழு ஜோடி என்று 7:2இல் வருவதையும் எல்லாப் படமும் விழுங்கிவிடும். மழை 40 நாள், ஆனால் பேழைக்குள் இருந்தது ஓராண்டுக்கு மேல். 7:11ஐயும் 8:14ஐயும் ஒப்பிட்டுப் பெரிய பிள்ளைகளே கணக்கிடலாம்.

தானியேலைச் சிங்கக் கெபியில் (குகையில்) இளைஞனாக வரைவார்கள். இளம் வயதில் சிறைப்பட்டுப் போனவர், பாபிலோன் வீழ்ந்த பிறகு நடந்த சம்பவம் அது. எண்பதை ஒட்டிய முதியவர். தாத்தா ஒருவர் மண்டியிட்டு ஜெபிப்பதைக் கற்பனை செய்தால் கதை வேறு மாதிரி படும். குழந்தை இயேசுவைக் காண வந்த சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் வந்தது மாட்டுத்தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்குள் (2:11). ஏதேன் கனி ஆப்பிள் என்று எங்கும் இல்லை.

1998இல் வந்த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட் படத்தைச் சிலர் வி.பி.எஸ்.ஸில் அப்படியே ஓட்டுகிறார்கள். வரைகலை அருமை, மறுக்கவில்லை. ஆனால் குழந்தை மோசேயை எடுப்பது அதில் பார்வோனின் மனைவி. யாத்திராகமம் 2இல் பார்வோனின் குமாரத்தி. பார்வோன் முன் நிற்கும்போது மோசேக்கு 80, ஆரோனுக்கு 83 வயது என்று 7:7 சொல்கிறது. படத்தில் நரையில்லாத வாலிபர். கலைக்காகச் சிலவற்றை மாற்றியிருக்கிறோம் என்று படமே தொடக்கத்தில் அறிவித்துவிடுகிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. தலைப்பிள்ளைகள் சாகும் காட்சி 10 வயதுக்குக் கீழே வேண்டாம்.

இந்தத் தவறுகளை மறைக்காதீர்கள். 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதலில் வேதபகுதியை வாசிக்கக் கொடுத்து, பிறகு படம் போட்டு, "வேதத்தில் இல்லாத 5 விஷயம் கண்டுபிடி" என்று தாள் கொடுங்கள். கழுகுக் கண்ணோடு பார்ப்பார்கள். சின்னவர்களுக்கு இது வேண்டாம், அவர்களுக்குக் கதை குழம்பும்.

இன்றைய பிள்ளைகள் ரோபோவோடு பழங்காலத்துக்குப் போகிற வகைப் படங்களில் ஒரு சிக்கல். அந்த வகையில் சூப்பர்புக் என்ற தொடர் 1981இல் ஜப்பானில் தொடங்கியது, 2011 முதல் புதிய வரைகலையில் வருகிறது. இரண்டிலும் இந்தக் கட்டமைப்புதான். 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எது வேதம், எது இணைப்பு என்று பிரிக்கத் தெரியாது. கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் கோலியாத்தைவிட ரோபோவுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். அவர்களுக்கு அந்தக் காட்சிகளைத் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் போடுங்கள்.


குளச்சல்_மறைக்கல்வி:

எங்க பக்கம் கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்புல கவனிக்க வேண்டியதையும் சேர்க்கிறேன், ஏன்னா இந்த யோசனைகளைக் கடற்கரை ஊர்களுக்கும் அனுப்புவீங்க.

முதலாவது மொழி. டப்பிங் படங்கள் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புச் சொற்கள்ல இருக்கும்: கர்த்தர், பரிசுத்த ஆவி, ஞானஸ்நானம், சீஷர்கள், பரலோகம். எங்க பிள்ளைகள் திருவிவிலியத்துல படிக்கிறது ஆண்டவர், தூய ஆவி, திருமுழுக்கு, சீடர்கள், விண்ணகம். பெரியவங்களுக்கு இது பிரச்சினையில்ல. 6 வயசுப் பிள்ளைக்கு கர்த்தர்ங்கிறவர் வேற ஒரு கதாபாத்திரம். படம் போடறதுக்கு முன்னால பலகையில ஜோடி ஜோடியா நாலு சொல் எழுதிப் போட்டாலே போதும். உங்க சபைக்கு வர்ற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் இது உதவும், விடுமுறையில எல்லா வீட்டுப் பிள்ளையும் வரும்தானே.

ரெண்டாவது, படகு. வள்ளத்துல பிறந்து வளர்ந்த பிள்ளை முன்னால யோனா கப்பல்ல வட்டமான ஸ்டியரிங் சக்கரத்தைக் காட்டினா சிரிச்சுத் தள்ளும். அப்படிச் சக்கரம் வச்சுக் கப்பல் திருப்புறது 18ஆம் நூற்றாண்டுக்காரங்க வேலை. சிரிக்க விடுங்க, பிறகு உண்மையைச் சொல்லுங்க. கலிலேயாக் கடல்ங்கிறது நன்னீர் ஏரி, நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13. 1986ல வறட்சியில தண்ணி வத்தினப்போ அந்த ஏரிக்கரைச் சேத்துல 2000 வருஷப் பழைய மீன்பிடிப் படகு ஒண்ணு கிடைச்சது: நீளம் 8 மீட்டர் சொச்சம், அகலம் 2.3 மீட்டர். நம்ம வள்ளத்தோட ஒப்பிட்டுப் பாக்கிற அளவுதான். தரையில சாக்குக்கட்டியால வரைஞ்சு 13 பிள்ளைகளை உக்கார வையுங்க, இயேசுவும் பன்னிரண்டு பேரும். எவ்வளவு நெருக்கம்னு தெரிஞ்ச பிறகு புயல் காட்சியைப் போடுங்க. பழைய மொழிபெயர்ப்புல மாற்கு 4:38ல இயேசு பின்னணியத்துல, அதாவது படகோட பின்பக்கத்துல, தூங்கினார்னு வரும். திருவட்டார்ப் பிள்ளைக்கு விளக்கணும். ஆனா அணியம்னா படகோட முன்பக்கம்னு தெரியாத பிள்ளை கடற்கரையில கிடையாது.

மூணாவது இதைவிட முக்கியம். 2004 டிசம்பர் 26 சுனாமியும் 2017 நவம்பர் 30 ஒக்கி புயலும் எங்க ஊர்கள்ல முடிஞ்சுபோன செய்தி இல்ல. அப்பா, தாத்தா, மாமா படத்துல மாலை தொங்குற வீடுகள் உண்டு. ஒக்கியில போனவங்கள்ல உடல் கிடைக்காதவங்க நிறைய. அப்போ கைக்குழந்தையா இருந்த பிள்ளை இன்னைக்கு உங்க முன்னால உக்காந்திருக்கு. அதனால புயல் அமர்த்தும் கதை, யோனா, நோவா மூணையும் கடற்கரை ஊர்ல போடறதுக்கு முன்னால வகுப்பு ஆசிரியர்கிட்ட எந்தப் பிள்ளைகள்னு கேட்டு வச்சுக்கிடணும். சத்தத்தைப் பாதியாக் குறைக்கணும். ஆள் மூழ்குற காட்சியைத் தள்ளிரணும். தெரிஞ்ச ஆசிரியர் ஒருத்தர் அந்தப் பிள்ளை பக்கத்துல உக்காரணும். "கடவுள் தண்டிக்கப் புயல் அனுப்பினார்"னு ஒரு வரி கூட டப்பிங்கைத் தாண்டி நம்ம வாயில இருந்து வரக் கூடாது. "அப்போ எங்கப்பாவுக்கு ஏன் அமர்த்தல?"ன்னு பிள்ளை கேக்கும். பதில் தயார் பண்ணிட்டுப் போகாதீங்க. பிள்ளை பேசட்டும், அன்னைக்குப் படத்தைத் தொடர வேண்டாம்.


பனையோலை:

எல்லாரும் படம் போடுறது எப்படின்னே பேசுதீங்க. கமிட்டிப் பெரியவங்க கேக்கிற கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. ஃபிளானல் போர்டுல, அதான் துணிப்பலகையில படங்களை ஒட்டிக் கதை சொல்றதுல, ஆசிரியர் ஆட்டுக்குட்டியைக் கையால நகர்த்தும்போது 65 பிள்ளைகள் கண்ணும் அந்தக் கையைத்தான் பாக்கும். கேள்வி கேட்டா நிக்கும், பிள்ளை கூப்பிட்டா அதுவே வந்து நகர்த்தும். படம் யாருக்காகவும் நிக்காது. செலவும் கிடையாது: 4க்கு 3 அடி ஒட்டுப்பலகையில ஃபிளானல் துணி இறுக்கி ஒட்டணும், படங்களுக்குப் பின்னால உப்புத்தாள் துண்டு. பலகை லேசா பின்னால சாயணும், செங்குத்தா வச்சா ஃபேன் காத்துல பேதுரு பறந்து போவார்.

அனிமேஷன்தான் வேணும்னு பெரிய பிள்ளைகள் நின்னா, அவங்களையே ஸ்டாப் மோஷன் செய்ய வையுங்க: பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு ஃபோட்டோ, திரும்ப நகர்த்தி ஒரு ஃபோட்டோன்னு எடுத்துச் சேர்த்து ஓட்டுறது. பாக்கறதுல ஒண்ணும் இல்ல, செய்யறதுல பாடம் இருக்கு. காணாமற்போன ஆடு, லூக்கா 15. களிமண்ல மேய்ப்பன் ஒண்ணு, ஆடு 6 (நூறும் செய்ய வேண்டாம்), பின்னால பனையோலை முடைஞ்ச பாய் ஒரு துண்டு, அதுவே மலை, அதுவே வேலி. ஒரு நொடிக்கு 8 படம்னு கணக்கு வச்சா 30 நொடிக்கு 240 படம். 6 பேர் குழு: ரெண்டு பேர் நகர்த்த, ஒருத்தர் போன்ல அழுத்த, ஒருத்தர் எண்ண, ஒருத்தர் வேதபகுதி கையில வச்சு "அடுத்து இதுதான்"னு சொல்ல, ஒருத்தர் ஆடு விழுந்தா நிமிர்த்த. ஒரு நாளைக்கு முக்கால் மணிநேரம் வச்சு மூணு நாள்ல முடியும்.

கெட்டுப்போற இடங்கள்: போனைக் கையில பிடிச்சா மலை ஆடும், ஸ்டாண்டு இல்லன்னா ரெண்டு செங்கல் நடுவுல இறுக்கி வையுங்க. ஜன்னல் பக்கம் வச்சா மேகம் போக வர படம் மினுங்கும், ஜன்னலை மூடி ஒரே பல்பு. கேமராவுல திரையை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டணும், இல்லன்னா ஒவ்வொரு படமும் ஒரு நிறம். கால் வரக் கூடாதுன்னு ஏரோப்ளேன் மோடு. ஒரு தடவைக்கு ஆட்டை அரை இஞ்சுக்கு மேல நகர்த்தினா அது ஓடாது, தத்தும்.


ஓய்வுநாள்_அக்கா:

பனையோலை அண்ணா, ஃபிளானல் போர்டை 30 பிள்ளைக்கு வைக்கலாம், 65க்குப் பின்வரிசைக்குத் தெரியாது. ஆனா அந்த ஸ்டாப் மோஷன் யோசனைக்கு நான் கை தூக்குறேன். 10 வயசுக்கு மேல உள்ள குழுவுக்குப் படத்துக்குப் பதிலா அதையே வைக்கலாம். கடைசி நாள் பெற்றோர் கூட்டத்துல போட்டா கமிட்டிப் பெரியவங்களும் முன்வரிசையில உக்காருவாங்க.


திருவட்டார்_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பின்னை அரை இஞ்ச் இழுத்துப் பாத்தேன், பேச்சு டக்குன்னு வந்துட்டு! மோனோ பின் வயர் சொல்லியாச்சு. 4 நாள் படம்: அப்பமும் மீனும், தாவீது, யோனா (ஆமணக்கு இலையோட), நல்ல சமாரியன். பெரிய பிள்ளைகளுக்கு ஆட்டுப் படம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். சிலுவைப்பாடு அனிமேஷன் ஒண்ணு இருக்கு, இளைஞர்கள் கடைசி நாள் போடணும்ங்கறாங்க. அப்புறம் யூடியூப்ல இருந்து இறக்கி வச்சுக்கிடலாமா? சபையில இன்டர்நெட் நிக்காது.


வசனப்பெட்டி:

சிலுவைப்பாட்டை 4 முதல் 13 வரை ஒன்றாக உட்காரவைத்துப் போடாதீர்கள். ஆணி அடிக்கும் காட்சி 8 வயதுக்குக் கீழே இரவில் கனவாகத்தான் வரும். அவர்களுக்குக் குருத்தோலை ஊர்வலமும், காலியான கல்லறையும், மரியாளைப் பெயர் சொல்லி அழைப்பதும் (யோவான் 20:16) போதும். நடுவில் நடந்ததை ஆசிரியர் இரண்டு வாக்கியத்தில் வாயால் சொல்லலாம். பெரிய பிள்ளைகளுக்குப் போடுவதானால் சிலுவையோடு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பாதீர்கள், உயிர்த்தெழுதல் வரை அன்றே முடியுங்கள். தாவீதுக்கும் ஒரு குறிப்பு: கல் பட்டுக் கோலியாத் விழுவதோடு நிறுத்துங்கள். 1 சாமுவேல் 17:51 அடுத்து என்ன என்று சொல்கிறது, வரைந்தவரும் சில படங்களில் வாளை உருவியிருப்பார்.


மைக்செட்_குலசேகரம்:

யூடியூப்ல யாரோ ஏத்தினதை இறக்காதீங்க. சட்டம் ஒரு பக்கம், அதுல பாதி திருட்டுப் பிரதி: பிடிபடாம இருக்கப் படத்தைக் கண்ணாடியில பாத்த மாதிரி திருப்பிப் போட்டிருப்பான், வேகத்தைக் கூட்டியிருப்பான், தாவீது இடதுகையால கவண் சுத்துவான். தயாரிச்சவங்க தளத்துலயே போய்ப் பாருங்க, சபைப் பயன்பாட்டுக்குன்னு கேட்டு எழுதினா அனுமதி தர்றவங்க உண்டு. அனுமதிக் கடிதத்தை அச்செடுத்து வச்சுக்கிடுங்க. ஃபைல் கிடைச்சா சாதாரண எம்.பி.4, எச்.264ல (வீடியோவைச் சுருக்குற ஒரு முறை) வாங்குங்க. எச்.265ஆ இருந்தா பழைய லேப்டாப் திக்கும், புரொஜெக்டர்ல நேரா பென்டிரைவ் குத்தினா கறுப்புத் திரைதான் வரும். பென்டிரைவ்ல ஒண்ணு, லேப்டாப்புக்குள்ள ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல வையுங்க.

வயர் வந்ததும் முந்தின நாள் சாயந்திரமே டெஸ்ட் பண்ணுங்க. பாட்டு போட்டு டெஸ்ட் பண்ணாதீங்க டீச்சர், ஆள் பேசுற இடத்தைப் போட்டுப் பண்ணுங்க. ஒருத்தர் கடைசி வரிசையில பாய்ல உக்காந்து கேக்கணும்.